காந்த மெத்தைக் கடன்

நாத்தனார் அண்ணிக்குத் தர வேண்டிய பாக்கி ஒன்பதாயிரத்து நானூற்று அறுபது. ஒன்பதாயிரம் மெத்தைக்கு. நானூற்று அறுபது, அந்த மெத்தையை வீட்டில் கொண்டுவந்து இறக்கிய வண்டிக்கூலி. அண்ணிக்கு ஒன்பதாயிரத்தைவிட அந்த நானூற்று அறுபதுதான் அதிகமாக எரிந்தது.

"ஊரை ஏமாத்துற சாமானுக்கு வண்டிக்கூலியும் நான்தான் அழணுமா?" என்று மேல்வீட்டில் நின்றுகொண்டு சுவரைப் பார்த்துக் கேட்பாள். சுவர் என்ன சொல்லும்? கீழ்வீட்டில் இருக்கும் நாத்தனாரும் ஒன்றும் சொல்லமாட்டாள். ஆனால் காதில் விழுந்திருக்கும். விழட்டும் என்றுதானே அத்தனை சத்தம்.

அது காந்த மெத்தை. டை கட்டிய ஆள் ஒருவன் வீடு வீடாக வந்து விற்றான். உள்ளே வரிசையாகக் காந்தம் வைத்துத் தைத்திருக்கிறது, படுத்தால் போதும், முதுகுவலி, தோள்வலி எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு ஓடிவிடும் என்றான். பையிலிருந்து ஓர் ஆணியை எடுத்து மெத்தையின்மேல் வைத்தான். ஒட்டிக்கொண்டது. ஆணி ஒட்டியதைப் பார்த்ததும் நாத்தனார் மெத்தையோடு ஒட்டிக்கொண்டாள்.

"அண்ணி, ஒரு ராத்திரி நான் படுக்கறேன், ஒரு ராத்திரி நீங்க படுங்க. ரெண்டு பேருக்கும் சரியாயிடும். பணத்தை மாசாமாசம் குடுத்துடறேன்."

அண்ணியும் அன்றைக்கு நம்பித்தான் கொடுத்தாள். ஒரே ஒரு ராத்திரி படுத்தாள். ஜல்லி கொட்டிய தரையில் படுத்தது போல இருந்தது. காலையில் வலது தோளோடு இடுப்பும் சேர்ந்துகொண்டது. நாத்தனாருக்கும் வலி குறையவில்லை. ஆனாலும் அவள் விடாமல் அதிலேயே படுத்தாள். விலை கொடுத்து வாங்கியதை வீணாக்கலாமா என்பது அவள் கட்சி. யார் கொடுத்த விலை என்பது அண்ணியின் கட்சி.

மாசாமாசம் என்று சொன்ன பணத்தில் ஒரு மாசம்கூட வரவில்லை. அதோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது.

பேச்சு நின்றதே ஒழிய, பிரிந்து போக வழியில்லை. இரண்டு பேரும் ஒரே கட்டடத்தில் மேலும் கீழுமாகக் குடியிருந்தார்கள். ஒரே ஹோட்டலின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தார்கள். வேலை என்றால் படுக்கைவிரிப்பு மடிக்கிற வேலை. இரட்டைக் கட்டில் விரிப்பை ஒற்றை ஆளால் மடிக்க முடியாது. எதிரும் புதிருமாக இரண்டு பேர் நின்று ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடிக்க வேண்டும். உதறி, இழுத்து நேராக்கி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து, மேசைமேல் போட வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை முறை இந்த நாத்தனாரின் முகத்துக்கு நேராக நடந்து போக வேண்டியிருக்கிறது என்று நினைத்தாலே அண்ணிக்கு வயிறு எரியும். முகத்துக்கு ஒரு சாண் தள்ளி நின்று, மூலையைக் கையில் வாங்கிக்கொண்டு, கண்ணைப் பார்க்காமல் திரும்ப வேண்டும். அதற்கென்று கழுத்தை ஒரு மாதிரி திருப்பப் பழகியிருந்தாள். அதிலும் கழுத்து வலித்தது.

நேராகப் பேசாவிட்டால் என்ன, ஜாடை இருக்கிறதே. விரிப்பிடம் பேசிக்கொண்டார்கள்.

"இந்த பெட்ஷீட்டைப் பாரேன். எத்தனை தடவை வெளுத்தாலும் கறை போகல. சில பிறவியே அப்படி," என்பாள் அண்ணி.

"பாவம் பெட்ஷீட்டு. எப்பப் பாரு யாராவது அதைக் கசக்கிப் பிழியணும்," என்பாள் நாத்தனார்.

வாய்க்கு ஜாடை. கைக்கு வெட்டு. உதறும்போது எதிராளி எதிர்பார்க்காத நொடியில் சட்டென்று ஒரு சுண்டு சுண்டி இழுப்பதைச் சலவைக்கூடத்தில் வெட்டு என்பார்கள். ஈரச் சுருக்கம் போவதற்காக இருக்கிற வித்தை அது. வலியுள்ள தோளில் அது போய் விழுந்தால் சுருக்கம் போகாது, உயிர் போகும். அண்ணி வெட்டினால் நாத்தனார் உதட்டைக் கடிப்பாள். அடுத்த விரிப்பில் நாத்தனார் வெட்டுவாள், அண்ணிக்குக் கண்ணில் நீர் கட்டும். இரண்டு பேரும் வாயைத் திறந்து ஐயோ என்று சொன்னதில்லை. சொன்னால் மற்றவளுக்குத் திருப்தியாகிவிடும்.

காலையில்தான் கஷ்டம். அண்ணிக்கு வயது அறுபத்திரண்டு. எழுந்து உட்கார்ந்தால் முதுகு நிமிர மறுக்கும். வலது கை தோள் மட்டத்துக்கு மேல் போகாது. தலைக்கு மேல் கை போகாத பெண்பிள்ளை எப்படித் தலை சீவுவது? தலையைக் குனிந்து, முழங்கையை முட்டியில் ஊன்றி, தலையைச் சீப்புக்குக் கொண்டுவந்து சீவினாள். சட்டைக் கையில் வலியுள்ள கையை முதலில் நுழைக்க வேண்டும் என்பதை அழுது அழுது கற்றுக்கொண்டாள். புருஷன் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. மகன் கல்யாணம் ஆகித் தனியாகப் போய்விட்டான். அவன் வீட்டில் ஒரு வாரம் தங்கிப் பார்த்தாள். ஹாலில் சோபாவை ஒட்டிப் பாய் போட்டார்கள். டிவி அணைந்த பிறகுதான் படுக்கலாம், மருமகள் எழுந்திருப்பதற்கு முன்னால் பாயைச் சுருட்டிவிட வேண்டும். வேலை போனால் மேல்வீட்டு வாடகை போகும். வாடகை போனால் அந்த சோபா ஓரம்தான். இதை நினைத்துக்கொண்டுதான் அவள் தினமும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

ஒரு நாள் சூப்பர்வைசர் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினான். பல் இடுக்கில் சீட்டியடித்தபடியே திரிவதால் அவனுக்கு விசில் என்று பெயர்.

"மேலேருந்து சொல்லிட்டாங்க. வயசானவங்க முதுகு, தோளுன்னு லீவு ஜாஸ்தி எடுக்கறாங்களாம். ஒரு பிசியோவை அனுப்பறாங்க. சில வாரம் அந்தம்மா சொல்றதைச் செய்யணும். அப்புறம் ஜோடி ஜோடியா நிறுத்தி ஒரு ட்ராலி மடிக்கச் சொல்லுவாங்க. முடிஞ்சா இருக்கலாம். முடியலைன்னா வணக்கம்."

"ஜோடி சரியில்லைன்னா?" என்றாள் அண்ணி.

"ஜோடி உங்க பாடு. உங்க ரெண்டு பேர் வேகத்துக்கு இங்க வேற யாரும் நிக்கமாட்டாங்க. தெரியும்ல?"

தெரியும். இளசுகள் மடிக்கிற வேகத்துக்கு அவள் தோள் ஈடுகொடுக்காது. நாத்தனாரின் வேகமும் அவள் வேகமும் ஒன்று. இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி வலித்ததால் ஒரே மாதிரி மெதுவாக இருந்தார்கள்.

பிசியோ பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். சிரிக்கத் தெரியாதவள் போல வந்து உட்கார்ந்தாள்.

"கையை மேல தூக்குங்க."

அண்ணி தூக்கினாள். தோள் வரைக்கும் வந்த கை அங்கேயே வேலைநிறுத்தம் செய்தது.

"எத்தனை நாளா இப்படி?"

"நீ பொறக்கறதுக்கு முன்னாலேருந்து."

"கால் மரத்துப் போகுதா? மூத்திரம் தெரியாம போகுதா? காய்ச்சல் வருதா, சும்மாவே உடம்பு இளைக்குதா?"

"இதெல்லாம் எதுக்குக் கேக்கற?"

"அதெல்லாம் இருந்தா நான் பாக்கக்கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். இல்லையா? சரி. என்ன மாத்திரை?"

"கடையில வெள்ளையா ஒண்ணு குடுப்பான்."

"சாப்பிட்டுட்டா, சாப்பிடாமலா?"

"சாப்பிட நேரம் இருந்தா மாத்திரை எதுக்கு?"

"உங்க வயசுல அதைத் தினம் வெறும் வயித்துல முழுங்கினா வயித்துல புண்ணு வரும், கிட்னி கெடும். டாக்டரைப் பாருங்க. ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டு, அவர் எது சொல்றாரோ அதை மட்டும் சாப்பிடுங்க."

"இதெல்லாம் வேண்டாம்மா. ஒரு ஊசியைப் போட்டு ஒரேயடியா போக்கிடு."

"ஒரேயடியா போகாது. இவ்வளவு வருஷம் இருந்த வலி குடியிருக்க வந்த வலி. காலி பண்ண வைக்க முடியாது. அது நம்மைப் பிடிச்சு ஆட்டாம நாமதான் அதைக் கட்டுல வச்சுக்கணும்."

"எனக்கு ஏற்கனவே கீழ்வீட்டுல ஒண்ணு அப்படித்தான் குடியிருக்கு," என்றாள் அண்ணி. கதவுக்கு வெளியே முறைக்காகக் காத்துக்கொண்டிருந்த நாத்தனாருக்குக் கேட்கும்படி சொன்னாள்.

பிறகு பிசியோ பெண் சலவைக்கூடத்துக்கே வந்து அவர்கள் மடிப்பதைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அண்ணி வெட்டினாள். நாத்தனார் திருப்பி வெட்டினாள்.

"நிறுத்துங்க. என்ன பண்றீங்க?"

"உதறறோம்."

"இது உதறறது இல்ல. ஒரு துணியைப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தர் தோளை ஒருத்தர் அடிக்கறீங்க. நான் மாசக்கணக்கா வைத்தியம் பண்ணினாலும் நீங்க ரெண்டு பேரும் அரை நாள்ல அதை அழிச்சுடுவீங்க."

மற்ற பெண்கள் சிரித்தார்கள். விசில் சீட்டியை நிறுத்திவிட்டு அவனும் சிரித்தான்.

பிசியோ பெண் சிரிக்கவில்லை. மேசையைக் காட்டினாள். மேசை அண்ணிக்கு வலப்பக்கம். எதிரே நிற்கிற நாத்தனாருக்கு அது இடப்பக்கம். ஒவ்வொரு விரிப்பையும் மேசைமேல் போடும்போது அண்ணி வலது கையைத் தூக்கி வலப்பக்கமாக இடுப்பைத் திருப்புகிறாள். நாத்தனார் இடது கையைத் தூக்கி இடப்பக்கமாகத் திரும்புகிறாள். வருஷக்கணக்காக அதே பக்கம், அதே கை. "உங்களுக்கு வலது தோள், அவங்களுக்கு இடது தோள். வேற எப்படி இருக்கும்? பாதி நாளைக்கு ஒரு தடவை இடத்தை மாத்திக்கங்க. தோள் பளுவைப் பங்கு போட்டுக்கட்டும்."

"முடியாது," என்றாள் அண்ணி.

அவள் முதுகுப்பக்கம் வாசல். வாசலுக்கு மேலே காற்றாடி. வெளியிலிருந்து காற்று வந்துகொண்டே இருக்கும். நாத்தனாரின் முதுகுப்பக்கம் துணி உலர்த்துகிற பெரிய இயந்திரங்கள். நாள் முழுக்க அனல். இந்த வேலையில் நாத்தனாரைச் சேர்த்துவிட்டதே அண்ணிதான். முதலில் வந்தவள் காற்றுப் பக்கம், பின்னால் வந்தவள் அனல் பக்கம் என்பது அன்றைக்கே ஆன ஏற்பாடு.

"அது என் இடம். நான் சொல்றது இந்த பெட்ஷீட்டுக்குப் புரியும். வாங்கினதை வச்சுட்டு அப்புறம் இடத்தைக் கேக்கச் சொல்லு."

"பெட்ஷீட்டு ஒண்ணும் கேக்கல. படிச்ச அம்மா சொன்னாங்க. காற்றை யாரும் காசு குடுத்து வாங்கல," என்றாள் நாத்தனார்.

"நீங்க இடம் மாறலைன்னா நான் எழுதிக்குடுக்கற பயிற்சியால ஒரு பிரயோஜனமும் இருக்காது," என்று சொல்லிவிட்டுப் பிசியோ பெண் போய்விட்டாள்.

இடம் மாறவில்லை. ஆனால் வீட்டுக்குச் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளை இரண்டு பேரும் விடாமல் செய்தார்கள். அக்கறையால் இல்லை, வீம்பால். சுவரில் விரலை வைத்துப் பூச்சி ஏறுவது போல மெல்ல மெல்ல மேலே ஏற்ற வேண்டும். வலி தாங்குகிற அளவுக்குப் போய் நிறுத்திவிட்டு, அதேபோல் இறக்க வேண்டும். அதற்குத் தோதான வெறும் சுவர் மாடிப்படிச் சுவர் ஒன்றுதான். அண்ணி எட்டிய உயரத்தில் கரியால் ஒரு கோடு போட்டாள். மறுநாள் பார்த்தால் அதற்கு ஒரு விரல் மேலே இன்னொரு கோடு.

"கொழுப்பு," என்று சொல்லிவிட்டு அண்ணி அன்றைக்குக் கூடுதலாக ஒரு தடவை ஏற்றினாள்.

குனிந்து நின்று கையைக் கடிகாரப் பெண்டுலம் போல ஆட்டினாள். சுடுதண்ணீர்ப் பையை வைத்தாள். சோற்றுக்குப் பிறகே மாத்திரை, அதுவும் டாக்டர் எழுதியது. படுக்கும்போது கைக்கு அடியில் ஒரு தலையணை. கரிக்கோடுகள் போட்டி போட்டுக்கொண்டு ஏறின. வலி போகவில்லை. ஆனால் ஒரு நாள் சீப்பு தலை வரைக்கும் வந்தது. அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்லக்கூடிய ஒரே ஆள் கீழ்வீட்டில் இருந்தாள். எனவே சொல்லவில்லை.

சோதனை நாள் நெருங்கியதும் விசில் வந்து எச்சரித்தான். "இடம் மாறாம மடிச்சா ஃபெயில்னு அந்தம்மா சொல்லிட்டாங்க."

அன்று மாலை அண்ணி மாடிப்படியில் நின்று சத்தமாகச் சொன்னாள். "காசைக் கொண்டுவந்து மேல வைக்கட்டும். காற்றை எடுத்துக்கட்டும்."

பிறகு படியில் தொப் தொப் என்று ஏதோ இழுபடுகிற சத்தம். மூச்சு வாங்குகிற சத்தம். அண்ணி கதவைத் திறந்தாள். வாசலில் கயிறு போட்டுக் கட்டிய காந்த மெத்தை. பக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நாத்தனார்.

"இந்தாங்க உங்க ஒன்பதாயிரம்," என்றாள். விரிப்பைப் பார்த்துச் சொல்லவில்லை, மூஞ்சியைப் பார்த்தே சொன்னாள்.

"நானூத்தி அறுபது?"

"கீழேருந்து மேல தூக்கிட்டு வந்தேன்ல. அந்தக் கூலியில கழிச்சுக்கங்க."

திரும்பி இரண்டு படி இறங்கினாள். மூன்றாவது படியில் அப்படியே நின்றாள். முகம் வெளுத்தது. கம்பியைப் பிடித்தபடி பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்கிப் போனாள். அண்ணி பார்த்துக்கொண்டு நின்றாள். கூப்பிடவில்லை. கதவைச் சாத்தினாள். மறுநாள் விடியற்காலையில் மெத்தையைக் காலால் உருட்டிக் கீழே தள்ளிவிட்டாள். குப்பை வண்டிக்காரர்கள் அதன் கனத்தைத் திட்டிக்கொண்டே ஏற்றிப் போனார்கள்.

நாத்தனார் அன்றைக்கு வேலைக்கு வரவில்லை.

விசில் அண்ணிக்கு எதிரே ஓர் இளம்பெண்ணை நிறுத்தினான். நல்ல பெண்தான். ஆனால் அவள் கை காற்றாடி. ஒரு விரிப்பு முடிவதற்குள் அடுத்தது விரிந்து நிற்கும். "பெரியம்மா, பிடிங்க. பெரியம்மா, இழுங்க." மத்தியானம் அண்ணியால் தேநீர்க் குவளையைத் தூக்க முடியவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக் குனிந்து குடித்தாள்.

"இந்த ஜோடியோட நின்னா நீங்க பாதி ட்ராலி தாண்டமாட்டீங்க," என்றான் விசில். "அவங்களை எழுப்பிக் கூட்டிட்டு வாங்க. இல்லைன்னா பையைத் தூக்கிட்டு வீட்டுக்குப் போங்க."

அன்று வேலை முடிந்து போகும்போது அண்ணி கீழ்வீட்டுக் கதவைத் தட்டினாள். திறந்துதான் இருந்தது. நாத்தனார் தரையில் மல்லாக்கக் கிடந்தாள். விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செத்துட்டேனான்னு பாக்க வந்தீங்களா?"

"செத்தா என் காசு யாரு குடுப்பா? கால் மரத்துப் போகுதா?"

"என்ன?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. கால் மரத்துப் போகுதா? மூத்திரம் தெரியாம போகுதா?"

"அண்ணி, நான் படுத்துத்தான் கிடக்கேன். புத்தி பிசகல."

"இல்லைல்ல? அப்ப எழுந்திரு."

"முடியாது. அசைஞ்சா உயிர் போகுது. நாலு நாள் அசையாம கிடந்தா சரியாயிடும்."

"நாலு நாள் அசையாம கிடந்தா அப்புறம் நாலு பேரு வந்துதான் தூக்கணும். அந்தப் பொண்ணு என்ன சொன்னா? படுத்தே கிடந்தா இறுகிடும்னு சொன்னாளா இல்லையா? முட்டியை மடக்கு. ஒரு பக்கமா உருளு. அந்தப் பக்கம் இல்லடி, இந்தப் பக்கம். கையை ஊனு. தள்ளு."

"நீங்க ஒண்ணும் எனக்கு வைத்தியம் பண்ண வேண்டாம்."

"உனக்கு யாரு பண்றா? என் வேலைக்குப் பண்றேன்."

அண்ணி அவளைத் தொடவில்லை. தொட்டுத் தூக்க அவள் தோளும் இடம் கொடுக்காது. பக்கத்தில் நின்று திட்டினாள். திட்டத் திட்ட நாத்தனார் உருண்டாள். முனகிக்கொண்டே உட்கார்ந்தாள். சுவரைப் பிடித்து நின்றாள். அண்ணி சுடுதண்ணீர்ப் பையைத் துணி சுற்றி அவள் இடுப்பில் வைத்துக் கட்டினாள். வைத்த விதத்தில் அன்பு ஒன்றும் இல்லை. சிப்பத்துக்குக் கயிறு போடுவது போல இறுக்கினாள்.

"இந்த அறைக்குள்ள ஒரு நடை நட. போதும். வலி தலைக்கு ஏறறதுக்கு முன்னால நிறுத்திடு. கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு நடை. வீரம் காட்டாத. மெத்தை தூக்கின வீரம் போதும்."

"மெத்தையைத் திருப்பிக் குடுத்தாச்சு. கணக்கு முடிஞ்சுது."

"குப்பை வண்டியில போச்சு உன் மெத்தை."

நாத்தனார் நடையை நிறுத்தினாள். "ஒன்பதாயிரத்தைக் குப்பையில போட்டது நீங்க. நானா போட்டேன்?"

"அது ஒன்பதாயிரம் இல்ல. ஆணி ஒட்டற குப்பை. நீ எனக்குப் பாக்கி வச்சது காசு. நட."

இப்படியே மறுநாளும் அதற்கு மறுநாளும் நடந்தது. காலையில் போகும்போது ஒரு திட்டு, மாலையில் வரும்போது ஒரு திட்டு. நாத்தனார் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். அண்ணி வருவதற்கு முன்னாலேயே எழுந்து நின்றுவிடுவது என்று ஒரு வைராக்கியம் வந்துவிட்டது அவளுக்கு. படுத்திருக்கிற கோலத்தில் அண்ணியிடம் இன்னொரு தரம் அகப்படக்கூடாது. முழுக்கக் குணமாகவில்லை. ஆனால் சோதனை நாளன்று அண்ணி கீழே இறங்கி வந்தபோது அவள் தலை சீவி, செருப்பு மாட்டி, வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பஸ்ஸில் ஆளுக்கு ஒரு ஓரமாக உட்கார்ந்து போனார்கள்.

பிசியோ பெண்ணும், விசிலும், மேலேயிருந்து வந்த ஒருவரும் மேசைப் பக்கம் நின்றார்கள். ட்ராலி நிறைய விரிப்பு.

"வெட்டு இழுக்கக்கூடாது. பாதியில இடம் மாறணும். தேவைப்பட்டா நின்னு மூச்சு விட்டுக்கங்க, அதுக்கு மார்க் குறையாது," என்றாள் பிசியோ பெண்.

ஆரம்பித்தார்கள். வெட்டு இல்லாமல் உதறுவது அண்ணிக்குப் புதுசாக இருந்தது. கை அவளை அறியாமல் சுண்டப் பார்த்தது. அடக்கினாள். எதிர்ப்பக்கமும் அடக்கியது தெரிந்தது. இவள் தூக்கினால் அவள் தூக்கினாள், இவள் இழுத்தால் அவள் இழுத்தாள். சொல்லிவைத்தது போல நடந்து வந்தார்கள், மூலை மூலையோடு சேர்ந்தது, விரிப்பு மேசையில் விழுந்தது. வருஷக்கணக்கில் ஒருத்தியை ஒருத்தி எப்போது அடிப்பாள் என்று உஷாராகவே இருந்ததில் மற்றவளின் கை எப்போது எங்கே போகும் என்பது அத்துப்படியாகியிருந்தது. மேலேயிருந்து வந்தவர் தலையாட்டினார்.

ட்ராலி பாதியானது.

"இடம் மாறுங்க."

அண்ணி கொஞ்சம் நின்றாள். பிறகு நடந்தாள். நாத்தனார் எதிரே வந்தாள். நடுவில் தோளோடு தோள் உரசாமல் விலகிக்கொண்டார்கள். அனல் முதுகில் அறைந்தது. எதிரே காற்றாடிக்கு அடியில் நாத்தனாரின் முன்மயிர் பறந்தது. அண்ணி விரிப்பை எடுத்து இரண்டு மூலையை எறிந்தாள். நாத்தனார் பிடித்தாள்.

பிடித்தவள் தூக்கவில்லை.

"அண்ணி," என்றாள். குரல் தாழ்ந்திருந்தது. சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள்.

"தூக்குடி."

"அந்த ஒன்பதாயிரத்து நானூத்தி அறுபது."

"இப்பவா?"

"இப்பத்தான். கடனைத் தள்ளிட்டேன்னு சொல்லுங்க. சொன்னா தூக்கறேன்."

"உன் வேலையும் சேர்ந்து போகும்."

"போகட்டுமே. எனக்குப் பையன் பணம் அனுப்பறான். வீட்டுல படுத்துக்குவேன். நீங்க எங்க போய்ப் படுப்பீங்க?"

சோபா ஓரம் அண்ணியின் கண்ணில் வந்து போனது. அதற்கு மேல் கோபம் வந்தது. மூன்று நாள் பக்கத்தில் நின்று உருட்டி, நிறுத்தி, நடக்க வைத்தவள் இவள். அந்த நடையில் வந்து நின்றுகொண்டு நாத்தனார் இவளையே மடக்குகிறாள். கையில் விரிப்பு இறுகியது. ஒரே ஒரு வெட்டு போதும். இன்றைக்கு அந்தப் பக்கம் தயாராக இல்லை. இடுப்பு இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஒரு சுண்டு சுண்டினால் நாத்தனார் எல்லோர் முன்னாலும் மண்டியிடுவாள். அது எந்த இடத்தில் வலிக்கும், எவ்வளவு நேரம் வலிக்கும் என்பதுகூட அண்ணிக்குத் தெரியும்.

"என்னாச்சு?" என்றாள் பிசியோ பெண்.

"மூச்சு விட்டுக்கறோம்மா," என்றாள் நாத்தனார், வெகு மரியாதையாக.

அண்ணி விரலைத் தளர்த்தினாள்.

"தள்ளிட்டேன்."

"கேக்கல."

"தள்ளிட்டேன்டி. ஒன்பதாயிரத்து நானூத்தி அறுபது, மொத்தமும். விசிலு, நீ சாட்சி."

"எதுக்கு சாட்சி?" என்றான் விசில்.

"இவ இனிமே எனக்கு ஒரு பைசா தரவேண்டாம். அதுக்கு."

நாத்தனார் தூக்கினாள். விரிப்பு காற்றில் எழும்பி நேராக விழுந்தது. அண்ணியின் இடது கை முதல் தடவையாக மேசைப் பக்கம் உயர்ந்தது. வலது தோள் சும்மா இருந்தது, வலித்துக்கொண்டே சும்மா இருந்தது. ட்ராலி காலியானபோது மேலேயிருந்து வந்தவர் கிளம்பிப் போய்விட்டார். இரண்டு பேரும் இருக்கலாம், இடம் மாறி மாறி நிற்க வேண்டும், பயிற்சியை விடக்கூடாது, மாசத்துக்கு ஒரு தடவை வந்து பார்ப்பேன் என்று பிசியோ பெண் சொல்லிவிட்டுப் போனாள்.

அண்ணிக்கு முதுகு முழுக்க வேர்வை. நாத்தனார் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"உன் கையால விஷம்கூட வேண்டாம்."

"விஷம்னா காசு ஆகும். இது சும்மாதான்," என்று சொல்லி நாத்தனார் அண்ணாந்து குடித்தாள்.

வாயால் தள்ளிய கடன் வயிற்றில் கிடந்து எரிந்தது. அது இன்னும் பல நாள் எரியும் என்று அண்ணிக்குத் தெரிந்தது. விசில் சீட்டியடித்துக்கொண்டே அடுத்த ட்ராலியைத் தள்ளிவந்து விட்டான். அவள் மேலே கிடந்த விரிப்பை எடுத்து, தன் பக்கத்து மூலைகளைப் பிடித்துக்கொண்டு, மற்ற இரண்டை எதிர்ப்பக்கம் எறிந்தாள்.

"பிடிடி," என்றாள்.